பழி ஓரிடம்

என் தங்கை தியோலிந்தா
பதினோரு வருடமாய் மீன் தொடுவதில்லை.
தவீராவில், வலை காயும் தெருவில்,
மீன்பிடிக்கிறவனோடு உடன்பிறந்து
முட்டையும் அவரையும் தின்று வாழ்கிறாள்.
யாராவது வற்புறுத்தினால்
கழுத்தைத் தொட்டுக் காட்டுவாள்:
"இங்கே தீப்பிடிக்கும்."

இன்று ஃபாரோ ஆஸ்பத்திரியில்
அவள் முன்கையைச் சிலேட்டாக்கினார்கள்.
நீல மையில் எண்கள், எண்ணுக்கொரு துளி,
துளிக்கொரு ஊசிக்குத்து.
சூரை, மத்தி, கானாங்கெளுத்தி, இறால்,
வெறும் உப்புநீர்,
கடைசியாக ஒன்று, பெயர் ஹிஸ்டமின்.
"இது வீங்கியே தீரும்," என்றாள் நர்ஸ்.
"வீங்காவிட்டால் சோதனையே செல்லாது."

கால்மணி நேரம்.
சுவரில் ஒரு கடிகாரம், ஒரு மாதா படம்.
நான் இரண்டையும் பார்க்கவில்லை.

கடைசித் துளி விழுந்த இடத்தில்
கொசு கடித்ததுபோல் ஒரு மேடு,
சுற்றிலும் சிவப்பு.
மீன்களின் இடத்தில்
ஊசி போன தடம்கூட இல்லை.

டாக்டர் ஃபலேய்ரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒவ்வாமை என்றால்
உடம்பு தன் கிடங்கைத் தானே திறந்துவிடும்,
உள்ளே சேர்த்துவைத்த ஹிஸ்டமின் கொட்டும்.
உங்கள் கிடங்கு மீனுக்குத் திறக்கவில்லை.
சில சமயம் மீனே அதைச் சுமந்து வரும்.
வெயிலில் கிடந்த சதையில்
கிருமிகள் உண்டாக்கிவிடும்.
அப்புறம் சுட்டாலும் போகாது, பொரித்தாலும் போகாது,
உறைய வைத்தாலும் போகாது.
நாற்றம் வரவேண்டும் என்றுகூட இல்லை.
சிலர் நாக்கில் மிளகுபோல் உறைக்கும், அவ்வளவுதான்."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:
"அன்றைக்குப் பந்தியில் வேறு யாருக்காவது?"

"இல்லை," என்றாள் தியோலிந்தா.

ஞானத்தாய் எர்மெலிந்தாவின் முகம்
மாதுளையாய்ச் சிவந்தது. ஒயின் என்றோம்.
தோமே பையன் வாசலில் வாந்தி எடுத்தான். வெயில் என்றோம்.
என் மண்டைக்குள் விடியும்வரை எஞ்சின் ஓடியது.
தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
ஆளுக்கொரு சாக்கு அகப்பட்டது.
அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை,
தன் உடம்பையே குற்றம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சூரையை எனக்குத் தெரியும்.
ஜூலை மாதம். நடுக்கடலில் படகு நின்றுபோய்
இழுத்துப்போக ஆள் வரும்வரை
ஐந்து மணி நேரம் மிதந்தோம்.
ஐஸ் தண்ணீராயிற்று,
தண்ணீர் கை பொறுக்கும் வெந்நீராயிற்று.
மறுநாள் அவள் மகளுக்கு ஞானஸ்நானம், நாற்பது பேர்.
மீனின் கண் தெளிவாகத்தான் இருந்தது.
மூக்கருகே தூக்கி முகர்ந்தேன்,
கடல்தான் மணந்தது.
அதற்குமேல் முகரவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு மேசை அகலம்தான் இருந்தது.

"ஐஸ் இல்லை," என்றேன்.
"என்ன?" என்றார் டாக்டர்.
"அன்றைக்குப் படகில் ஐஸ் தீர்ந்துவிட்டது."
எழுதிக்கொண்டார்.
தங்கை என்னைப் பார்க்கவில்லை.
கையில் எழுந்த மேட்டைச் சுற்றி
நகம் படாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் உப்பளங்கள்.
காரில் யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை விடியுமுன்
பிடித்த கையோடு ஐஸில் புதைத்த
நாலு கானாங்கெளுத்தியோடு போய் நின்றேன்.
வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.
பெட்டிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாள்,
எடுக்கவே இல்லை.
நான் தலை குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன், எதை என்று தெரியாமல்.
வெளியே வந்தபோது குளிரில் கை சிவந்திருந்தது.
அந்தச் சிவப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு
அடுப்பைப் பற்றவைத்தாள்.

பட்டாணி அளவு ஒரு விள்ளல்.
நாக்கில் வைத்து, உறைப்புக்காகக் காத்திருந்தாள்.
கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டருகே வைத்தாள்.
ஒரு மணி நேரம்.
கழுத்தில் ஒன்றும் ஏறவில்லை.

மிச்சம் ஆறிப்போயிருந்தது.
அதைத்தான் தின்றாள், நாலில் இரண்டை,
முள்ளை ஒவ்வொன்றாய் ஓரத்தில் அடுக்கி.
கை கழுவப் போகும்போது சொன்னாள்,
"உப்பு தூக்கல்."